வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

உங்கள் தெருவில் மூன்று நாளாகக் குப்பை கிடக்கிறது என்று வையுங்கள். மாநகராட்சியைக் கேட்டால், "அது காண்ட்ராக்ட் கம்பெனி வேலை" என்பார்கள். கம்பெனியைக் கேட்டால், "மாநகராட்சி இன்னும் பில் பாஸ் பண்ணவில்லை" என்பார்கள். சொத்து வரியும் தொழில் வரியும் யாரிடம் கட்டுவது என்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை!

நீங்கள் வியாபாரிகள். பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கை லாரியில் ஏற்றுகிறீர்கள். சரக்கு போய்ச் சேரவில்லை. "லாரிக்காரனைக் கேளுங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வீர்களா? சொன்னால் கடை நடக்குமா?

பங்கிடுவது குற்றமல்ல

வேலையைப் பங்கிடுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. திருச்சி அருகே காவிரியில் எடுக்கும் தண்ணீர் ராமநாதபுரம் வரை போகிறது. ஓர் ஊராட்சியோ நகராட்சியோ தனியாகச் செய்யக்கூடிய காரியமா அது? பல ஊர்கள் சேர்ந்தால்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டம். நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தவறு நடந்தால் பதில் சொல்வது யார்?

சென்னை சொல்லும் பாடம்

சென்னையில் 2000ஆம் ஆண்டு மூன்று மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் போனது. 2007இல் நீல் மெட்டல் பனால்கா. 2012இல் ராம்கி. 2020இல் உர்பேசர் சுமீத். வண்டியில் எழுதிய பெயர் மாறிக்கொண்டே இருந்தது.

ஓனிக்ஸ் காலத்தில் டன் கணக்கில் பணம். அள்ளும் எடைக்குத்தான் கூலி என்றால், குப்பை குறைவதில் கம்பெனிக்கு என்ன லாபம்? 2020 ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டு, வேலையின் தரத்தை அளந்து பணம் கொடுக்கும் முறை வந்தது. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி ஒரு தெருவின் நிலையையே மாற்றிவிடும். அந்த வரியை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாரிடம் போயின. பல ஆண்டுகளாக நம் தெருக்களைக் கூட்டியவர்கள், "எங்களைத் தனியாரிடம் தள்ளாதீர்கள், பணி நிரந்தரம் செய்யுங்கள்" என்று ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவு போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மண்ணடி வியாபாரிகளே, உங்கள் கடை வாசலைச் சுத்தம் செய்தவர்கள் அவர்கள்!

ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலையை ஒப்படைத்தவரே கொடுக்க வேண்டும் என்றது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். பின்னர் வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. பொறுப்பு கைமாறுவதில்லை என்பதைச் சட்டமே சொல்கிறது!

பாரிஸ் திரும்பப் பெற்றது

கோவை மாநகராட்சி 2018இல் சூயஸ் நிறுவனத்துடன் குடிநீர் விநியோகத்துக்காக 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. இன்று பிறக்கும் குழந்தை படித்து முடித்து, வேலைக்கும் போய்விடும் காலம் அது! அந்த நிறுவனத்தின் தாயகம் பிரான்ஸ். அதன் தலைநகரான பாரிசில் குடிநீர் விநியோகத்தைப் பார்த்துவந்த இரு நிறுவனங்களில் ஒன்று சூயஸ் குழுமத்தைச் சேர்ந்தது. 2010இல் அந்த நகராட்சி பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே தண்ணீர்க் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. எனவே கொடுத்ததைத் திரும்பப் பெறவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். உங்கள் வார்டுக்கான ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். தினம் எத்தனை ஆள், எத்தனை வண்டி, வராவிட்டால் எவ்வளவு அபராதம் என்று பாருங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வணிகர்களே! கம்பெனி மேஸ்திரியிடம் சண்டை போடாதீர்கள். அவரும் கூலிக்காரர். புகாரை மாநகராட்சிக்கே எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

2022 நவம்பரிலிருந்து நகரங்களில் பகுதி சபாக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. அங்கே நம் நாற்காலிகள் காலியாக இருக்கலாமா? தேர்தல் நாளில் ஓட்டுக் கேட்டு வந்தவர் காண்ட்ராக்டர் அல்ல, கவுன்சிலர். ஒப்பந்த நகலைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர்தான்!