எல்லோரையும் உள்ளடக்கும் ஓய்வு

வானொலி ஞாயிறு மறையுரை – தவக்காலம் 3ஆம் ஞாயிறு
வாசகங்கள்: விடுதலைப் பயணம் 20:1-17, 1 கொரிந்தியர் 1:22-25, யோவான் 2:13-25



தவக்காலத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். அதே வேளையில் ஒன்ராறியோப் பாடசாலைகளின் மார்ச் விடுமுறையும் நெருங்கிவிட்டது. மாதக்கணக்கில் பனி தள்ளிக் களைத்துப்போயிருக்கிறோம். நம் குடும்பங்களில் பலர் இப்போது பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கியூபா, மெக்சிக்கோ, டொமினிக்கன் குடியரசு என்று வெயில் தேடிப் புறப்படுகிறோம். புன்டா கானா என்ற பெயர் இன்று ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் பருத்தித்துறை போலப் பழகிவிட்டது. ஐம்பதாவது பிறந்தநாளும் திருமண நாளும்கூட அங்கே கொண்டாடப்படுகின்றன.

"தவக்காலத்தில் இப்படிப் போகலாமா சுவாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஏன் போகக்கூடாது? வருடம் முழுக்க மாடாய் உழைக்கிறோமே" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். இன்றைய முதல் வாசகம் இரண்டுக்கும் பதில் சொல்கிறது.

பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வு பற்றியது. இதை நாம் ஆழமாக நினைப்பதில்லை. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற கட்டளைகளோடு ஓய்ந்திரு என்பதையும் ஆண்டவர் சேர்த்து வைத்திருக்கிறார். ஆகவே ஓய்வெடுப்பது குற்றமல்ல, சோம்பலும் அல்ல. இரண்டு வேலை பார்த்து, கிழமையில் ஏழு நாளும் ஓடி, வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு அது கடவுள் தரும் கொடை. கடலோரம் அமர்ந்து பிள்ளைகளோடு சிரித்துப் பேசி ஒரு வாரம் கழிப்பதை ஆண்டவர் வெறுக்கப் போவதில்லை.

ஆனால் கட்டளை அதோடு முடியவில்லை. யார் யார் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. நீ மட்டுமல்ல, உன் மகன், மகள், உன் பணியாளன், பணிப்பெண், உன் கால்நடை, உன் ஊருக்குள் வந்திருக்கும் அந்நியன் என்று அது வரிசையாகச் சொல்கிறது. உழுகிற மாடும் பட்டியலில் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்தவரும் இருக்கிறார். வீட்டுத்தலைவர் மட்டும் படுத்திருக்க மற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆண்டவர் சொன்ன ஓய்வு அல்ல.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் போகிற தீவை ஒருமுறை பார்ப்போம்.

'ஓல் இன்க்ளூசிவ்' என்று சொல்கிறோம். எல்லாம் உள்ளடங்கியது என்று பொருள். விமானத்துக்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் குடிவகைக்கும் ஒரேயடியாகப் பணம் கட்டிவிடுகிறோம். போய் இறங்கியதும் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டி இருந்தால் எங்கும் போகலாம், எதையும் எடுத்துச் சாப்பிடலாம். இந்த முறை பரவக் காரணமாயிருந்தது 1950ஆம் ஆண்டு ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் 'கிளப் மெட்' தொடங்கிய விடுமுறை முகாம். அன்று அங்கே இருந்தவை வெறும் கூடாரங்கள். இன்று புன்டா கானாவில் இருப்பவை மதில் சூழ்ந்த சிறு நகரங்கள்.

எல்லாம் உள்ளடங்கியதுதான். எல்லோரும் உள்ளடங்கியிருக்கிறார்களா?

டொமினிக்கன் குடியரசின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்நாட்டின் கடற்கரைகள் பொதுச் சொத்து, எவரும் தடையின்றி வரலாம் என்று சொல்கிறது. ஆனால் கடற்கரைக்குப் போகும் பாதையில் ஹோட்டலின் மதிலும் காவலாளியும் நிற்கும் இடங்களில் உள்ளூர்ப் பிள்ளை தன் நாட்டுக் கடலில் கால் நனைக்க வெகுதூரம் சுற்ற வேண்டியிருக்கிறது. நம் கையில் பட்டி இருக்கிறது, அந்தப் பிள்ளையின் கையில் இல்லை.

விடியுமுன் இகுவெய், வெரோன் போன்ற ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாகத் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள். நாம் எழும்புமுன் கடற்கரையைக் கூட்டுகிறார்கள். 2011ஆம் ஆண்டிலிருந்து கரிபியன் கரைகளில் சர்காசும் என்ற பழுப்புநிறக் கடற்பாசி பெருமளவில் ஒதுங்குகிறது. அது கிடந்து அழுகினால் நாறும். அதை வாரி அள்ளிச் சுமப்பவர்களும் இவர்களே. 'எவ்வளவு சுத்தமான மணல்' என்று நாம் படம் எடுக்கும்போது அந்தச் சுத்தத்துக்குப் பின்னால் ஒருவருடைய முதுகுவலி இருக்கிறது. இந்த ஹோட்டல்களைக் கட்டியவர்களில் பலர் பக்கத்து நாடான ஹெயிட்டியிலிருந்து எல்லை கடந்து வந்தவர்கள். அவர்களில் பலரிடம் 'பேப்பர்' இல்லை. எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்ற பயத்தோடு வாழ்கிறார்கள். பேப்பர் இல்லாத பயம் என்னவென்று வேறு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கலாம். நமக்கு விளக்கத் தேவையில்லை.

அன்பானவர்களே, அந்தத் தீவுக்கு ஒரு பழைய மறையுரையும் உண்டு. 1511ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், திருவருகைக்காலத்தின் 4ஆம் ஞாயிறு. சான்டோ டொமிங்கோ நகரில் அன்டோனியோ தெ மொன்டெசினோஸ் என்ற டொமினிக்கன் சபைத் துறவி பீடத்தில் ஏறினார். கொலம்பஸ் அந்தக் கரையைத் தொட்டு 19 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அத்தீவின் பூர்வீகக் குடிகளான தைனோ மக்கள் தங்கச் சுரங்கங்களிலும் வயல்களிலும் வேலை வாங்கப்பட்டு, நோயிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாய் மடிந்துகொண்டிருந்தார்கள். கோயிலில் இருந்தவர்கள் அந்த வேலையை வாங்கியவர்கள். கொலம்பஸின் மகன், ஆளுநர் தியேகோவும் அங்கே இருந்தார். அவர்கள் முன்னால் அந்தத் துறவி கேட்டது எளிமையான கேள்வி: இவர்கள் மனிதர்கள் இல்லையா? இவர்களுக்கு ஆன்மா இல்லையா?

ஊர்ப் பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஞாயிறு சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும் என்று மடத்துக்கே போய்ச் சண்டையிட்டார்கள். அடுத்த ஞாயிறு அதே துறவி பீடமேறி முன்னிலும் உறுதியாக அதையே சொன்னார். அவர் பின்னால் மடத்துத் துறவிகள் அனைவரும் நின்றார்கள். அந்த உரையை நமக்குக் காத்துத் தந்தவர் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். அவரும் அன்று அத்தீவில் வேலையாட்களை வைத்திருந்தவர்தான். பின்னர் மனம் மாறி, வாழ்நாள் முழுவதும் அம்மக்களுக்காக வாதாடினார்.

இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டிப் படுக்கும் வலைத்தொட்டிலை நாம் 'ஹமொக்' என்கிறோம். அது தைனோ மக்களிடமிருந்து வந்த சொல். ஓய்வுக்கு உலகத்துக்கே ஒரு சொல்லைத் தந்த அந்த மக்களுக்கு ஓய்வு மறுக்கப்பட்டது. இதை நினைக்காமல் அந்தக் கரையில் எப்படிப் படுத்திருப்பது?

இப்படிச் சொல்வதால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் போகாவிட்டால் அந்தத் தொழிலாளருக்கு வேலையில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது நம் இரக்கத்தை அல்ல. நியாயமான கூலியையும் மனிதருக்குரிய மதிப்பையும்தான்.

இதை நாம் நன்றாகவே அறிவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்தபோது நம்மில் எத்தனை பேர் உணவகங்களின் பின்கதவால் உள்ளே போனோம்! ஊரில் வாத்தியாராக இருந்தவர் இங்கே கோப்பை கழுவினார். வங்கியில் இருந்தவர் இரவில் அலுவலகங்களைத் துடைத்தார். முன்னால் இருந்து சாப்பிட்டவர்கள் நம் பெயரைக் கேட்கவில்லை. யாரோ ஒருவர் 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருந்தால் அவரை இன்றும் மறக்கமாட்டோம். இணைச்சட்டம் 5ஆம் அதிகாரத்தில் இதே ஓய்வுக் கட்டளைக்கு ஆண்டவர் சொல்லும் காரணமும் இதுதான்: எகிப்தில் நீயே அடிமையாய் இருந்தாய் என்பதை நினைவில் கொள்.

இன்றைய நற்செய்தியில் இயேசு கோவிலில் சாட்டை எடுக்கிறார். ஆடுமாடு விற்றவர்களையும் நாணயம் மாற்றியவர்களையும் துரத்துகிறார். பிற இனத்தார் நின்று செபிக்க இருந்த முற்றத்தில்தான் அந்தச் சந்தை கூடியது. உள்ளே இருந்தவர்களுக்கு வசதி, வெளியே இருந்தவர்களுக்கு இடமில்லை. இயேசுவின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் அல்லவா?

அந்தச் சாட்டை புன்டா கானா வரை போகவேண்டியதில்லை. ஸ்காபரோவிலேயே அதற்கு வேலை இருக்கிறது. நம் கடைகளிலும் சமையலறைகளிலும் புதிதாக வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மாணவர்களாக வந்தவர்கள், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். பேப்பர் இல்லை என்பதற்காகக் குறைந்த சம்பளம், லீவு இல்லாத ஏழு நாள் வேலை என்று நடத்துகிற முதலாளி நம்மவராக இருந்தால், அவர் எந்தத் தீவுக்குப் போய் ஓய்ந்தாலும் அது ஓய்வு ஆகாது. அதேபோல நம் வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, துவைத்து, ஒருநாளும் இருக்கக் கிடைக்காத அம்மம்மாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் சில சிறிய காரியங்களைச் செய்வோம்.

விடுமுறைக்குப் போகிறவர்கள் ஞாயிறு திருப்பலியைப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போகவேண்டாம். புன்டா கானா இருக்கும் மாகாணத்தின் பெயரே லா அல்தகிராசியா, அதாவது உன்னத அருளின் அன்னை. அந்த அன்னையின் பேராலயம் இகுவெயில் இருக்கிறது. ஹோட்டலில் பரிமாறுபவர்கள் முழந்தாளிடும் ஆலயங்களில் நாமும் அவர்கள் பக்கத்தில் முழந்தாளிடுவோம். அங்கே எவர் கையிலும் பட்டி பார்க்கமாட்டார்கள்.

அறை துப்புரவு செய்யும் பெண்ணின் பெயரைக் கேட்போம், பிள்ளைகளையும் கேட்கச் சொல்வோம். டிப்ஸை ஒவ்வொரு நாளும், முடிந்தால் கையில், தாளாகவே கொடுப்போம். கனடிய நாணயக் குற்றிகளை அங்குள்ள வங்கிகள் மாற்றிக் கொடுப்பதில்லை. பஃபேயில் தட்டை நிரப்பிப் பாதியைக் கொட்டாமல் தேவையானதை எடுப்போம். வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்போம், அங்கே மீனுக்குக் குறைவில்லை. ஒருநாளாவது மதிலுக்கு வெளியே போய் உள்ளூர்க் கடையில் ஏதாவது வாங்குவோம்.

போகாதவர்களும் போக வசதியில்லாதவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் தங்கள் வீட்டில் ஓய்வில்லாதவர் யாரென்று பார்த்து, அவருக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்கட்டும். முதலாளிகளாய் இருப்பவர்கள் தங்கள் வேலையாட்களின் அட்டவணையைத் திறந்து பார்க்கட்டும். அதுவே அவர்களுக்குத் தவக்காலப் பாவப்பரிகாரம்.

லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓர் அதிசயமான தலைவரைக் காட்டுகிறார். அவர் வீடு திரும்பும்போது பணியாளர்கள் விழித்திருந்தால், தாமே இடையை வரிந்து கட்டி, அவர்களைப் பந்தியில் அமர்த்திப் பரிமாறுவாராம். கடைசியில் நாம் போய்ச் சேரவிரும்பும் கரை அதுதான். அங்கே பரிமாறுபவர் ஆண்டவர். அமர்ந்திருப்பவர்களில் கோப்பை கழுவியவர்களும் பாசி அள்ளியவர்களும் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார நாம் இப்போதே பழகிக்கொள்வோம்.

செபிப்போம்: ஓய்வின் ஆண்டவரே, களைத்த எங்களுக்கு இளைப்பாறுதல் தாரும். எங்கள் இளைப்பாறுதலுக்காகக் களைக்கிறவர்களை எங்கள் கண்களுக்குக் காட்டும். எங்கள் ஓய்வில் அவர்களுக்கும் பங்கு கொடுக்கும் மனதைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.