எம்.ஐ. ரூமில் சொல்லிவிடு, தம்பி

சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளையும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியடியிலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாரையும் மனத்தில் வைத்து இன்று ஒரு விஷயம் பேசப்போகிறேன். ராணுவத்தில் இருக்கும் ஒருவருக்கு உடம்பில் ஏதோ கோளாறு தெரிகிறது. ரத்த அழுத்தமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். முழங்கால் வலி, காது மந்தம், நாள்கணக்கில் தூக்கம் பிடிக்காத மனக்கலக்கம், எதுவாகவும் இருக்கலாம். அவருக்கோ நாயக் ஆக வேண்டும், ஹவில்தார் ஆக வேண்டும், கொடுத்து வைத்திருந்தால் சுபேதாராகி ஊர் திரும்ப வேண்டும். அப்போது அவருக்குத் தோன்றும் சுலபமான வழி ஒன்று உண்டு. லீவில் வரும்போது கீழே சேலத்தில் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு மாத்திரை வாங்கி, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவது. யூனிட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டாரும், “வெளியே மூச்சு விடாதே, வேலைக்கே உலை வைத்துவிடும்” என்று சொல்லி அனுப்புவார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த யோசனை தப்பு என்பதே என் வாதம். நோயைச் சொல்வதால் உத்தியோகத்தில் கொஞ்சம் நஷ்டம் வரலாம், அதை மறுக்கவில்லை. மறைப்பதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரியது. வந்தால் ஈடுகட்டவும் முடியாது.

சொன்னால் என்ன ஆகும் என்பதில் ஊரில் இருக்கும் பயம், உள்ளதைவிடப் பெரியது. ராணுவ மருத்துவத்தில் ‘ஷேப்’ என்று ஒரு முறை இருக்கிறது. மனநிலை, காது, கை கால், பொது உடல்திறன், கண் என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஐந்திலும் 1 வாங்கினால் ‘ஷேப் ஒன்’. எந்த வேலைக்கும் அனுப்பலாம் என்று அர்த்தம். 5 என்றால்தான் சேவைக்கே லாயக்கில்லை. நடுவில் இருக்கும் 2, 3 எல்லாம், இன்னின்ன வேலை வேண்டாம், மற்றதைச் செய்யட்டும் என்பதற்கான அடையாளங்கள். முதல் தடவை பெரும்பாலும் தற்காலிக வகைதான் தருவார்கள். அது அதிகபட்சம் 24 வாரம். பிறகு மறுபடி மருத்துவ போர்டு. உடம்பு தேறியிருந்தால் பழையபடி ஷேப் ஒன். தேறாவிட்டால் நிரந்தர வகை. அதையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திரும்பப் பார்ப்பார்கள். போர்டின் தாளில் இன்னொரு பகுதியும் உண்டு. எந்தத் தட்பவெப்பம், எந்த நிலப்பரப்பு இவருக்கு ஆகாது, எவ்வளவு மருத்துவக் கண்காணிப்பு தேவை, எந்த அளவு உடலுழைப்பு கொடுக்கலாம் என்று தனித்தனியாக எழுதுவார்கள். ரத்த அழுத்தத்துக்காக நிரந்தர வகைக்குப் போன ஒருவரை உயர்ந்த பனிமலைக்கு அனுப்பாமல் ஸ்டோரிலோ, ஆபீஸிலோ, பயிற்சி மையத்திலோ வைத்துக்கொள்ள இந்தத் தாள்தான் வழி செய்கிறது.

மலைக்காரப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு மயக்கம் உண்டு. “நாங்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், எங்களை எந்த மலை என்ன செய்யும்?” என்கிற தெம்பு. தெம்பு நல்லதுதான், கணக்குத்தான் உதைக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், அதாவது 5,000 அடிக்குச் சற்றுக் கீழே. ராணுவம் உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் ஏற்பாட்டைத் தொடங்குவதே 9,000 அடியில். அங்கே முதல் கட்டம் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடியைத் தாண்டினால் இன்னொரு நான்கு நாள் என்று நிறுத்தி நிறுத்தித்தான் மேலே ஏற்றுவார்கள். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்காமல் ஏறி வருகிற கால்களுக்கும் லே நகரத்தின் 11,500 அடி புதிய உலகம்தான். இந்தப் பாடத்தை இமயத்தில் நம் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். 11,000 முதல் 18,000 அடி வரை பணியாற்றிய 1,925 இந்தியச் சிப்பாய்களின் மலை நோயைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் எழுதிய ஆய்வு 1969இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் வெளியானது. திடகாத்திரமான இளைஞர்களுக்கே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் உயரம் அது. அடங்காத ரத்த அழுத்தத்தைப் பெட்டிக்கடியில் ஒளித்துக்கொண்டு அங்கே போகிறவர், நல்ல உடம்புக்காரர்களின் பட்டியலில் தானும் ஒருவராகவே எண்ணப்படுகிறார். ஒரு காலாட்படை செக்‌ஷனில் பத்துப் பேர். ஒருவர் விழுந்தால் பனியில் அவரைத் தூக்கிச் சுமக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். பாதி செக்‌ஷன் அதோடு போயிற்று. ஆகவே இது அவர் உடம்பு, அவர் பாடு என்று விட்டுவிடக்கூடிய விவகாரம் இல்லை.

இருந்தாலும் தோழர்களுக்காகச் சொல் என்று மட்டும் கேட்டால் அது உபதேசமாகிவிடும். தனக்காகவே ஏன் சொல்ல வேண்டும் என்பதற்குச் சட்டமே காரணம் காட்டுகிறது. சிப்பாயின் ஊனத்துக்கான ஓய்வூதியம் ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்த நோய் சேவையால் வந்ததா, சேவையால் முற்றியதா? இரண்டும் இல்லை என்று போர்டு எழுதினால், பட்டாளத்து வழக்கில் அதற்கு ‘நானா’ என்று பெயர். ‘நானா’ போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு மேலே விளக்கம் தேவைப்படாது. ரத்த அழுத்தம் போன்ற நோயில் போர்டு முதலில் பார்ப்பது, நோய் தொடங்கியதாகப் பதிவான தேதியையும் அன்று அவர் எங்கே இருந்தார் என்பதையும்தான். எல்லைப்புறத்திலோ, உயரமான மலைப் பகுதியிலோ, தீவிரவாத எதிர்ப்புப் பணியிலோ இருக்கும்போது தொடங்கியது என்று பதிவிருந்தால் சேவை அதை முற்றச் செய்தது என்று வாதிட இடம் உண்டு. அமைதியான ஊர் ஒன்றுக்கு மாற்றலாகி வந்த பிறகு முதல் பதிவு விழுந்தால், “அமைதி நிலையத்தில் தொடங்கியது, ஆகவே நானா” என்று முடித்துவிடுவார்கள். இப்போது நம் தம்பியை நினைத்துப் பாருங்கள். காஷ்மீர் எல்லையில் இருந்த இரண்டு வருஷமும் தலை சுற்றலை விழுங்கிவிட்டு, சமவெளிக்கு வந்து ஆற அமர எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்குப் போகிறார். உடம்பு கெட்டது அங்கே, தேதி விழுந்தது இங்கே. சேலத்து டாக்டரின் சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்ததே தவிர, ராணுவத்தின் கோப்பில் இல்லையே.

நீதிமன்றங்களும் கோப்பைப் பார்த்துத்தான் பேசியிருக்கின்றன. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் சிக்னல் பிரிவில் ஒன்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். வலிப்பு நோய்க்காக வெளியே அனுப்பப்பட்டார். வழக்கமான ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 வருஷம் ஆகவில்லை, ஊன ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது அவருக்கு அந்த நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை, நோய்க்குச் சேவை காரணம் இல்லை என்று சொன்ன போர்டு அதற்கு ஒரு காரணமும் எழுதவில்லை, ஆகவே சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. அதற்கு முன் 2008இல், இருதய நோயால் தாழ்ந்த வகைக்குப் போன ராஜ்பால் சிங் என்ற ஜே.சி.ஓ.வை, அதாவது இளநிலை அதிகாரியை, முறையான மருத்துவ நீக்கப் போர்டு இல்லாமலே முன்கூட்டி வீட்டுக்கு அனுப்பியது செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, வழக்குப் போட்டால் ஜெயம்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ராஜ்பால் சிங் தீர்ப்புக்குப் பின் 2010இல் விதியே திருத்தப்பட்டது. நிரந்தரத் தாழ் வகையில் உள்ளவருக்கு ஏற்ற வேலை யூனிட்டில் இல்லையென்றால் அவரை அனுப்ப இப்போது வழி இருக்கிறது. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் எல்லாமே சேவையால் வந்ததாகிவிடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது. 2023இல் வந்த புதிய விதிகள் ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற வாழ்க்கைமுறை நோய்களில் பிடியை இன்னும் இறுக்கியிருக்கின்றன. பிடி இறுக இறுக, முதல் பதிவு எந்தத் தேதியில், எந்த இடத்தில் விழுந்தது என்பதன் மதிப்புக் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

“எல்லாம் சரி, பிரமோஷன் போய்விடுமே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாழ்ந்த வகை சில பயிற்சிகளுக்கும் சில பதவிகளுக்கும் தடையாகத்தான் இருக்கிறது. தடை வேறு, முடிவு வேறு. 1971 போரில் கண்ணிவெடியில் காலை இழந்த கூர்க்கா படை அதிகாரி இயன் கார்டோசோ, செயற்கைக் காலோடு தன் தகுதியை நிரூபித்து, காலாட்படைப் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் மாற்றுத்திறனாளி அதிகாரி ஆனார். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அதிகாரிக்கு ஒரு சட்டம், சிப்பாய்க்கு ஒரு சட்டமா என்று யாராவது முணுமுணுக்கலாம். அந்த முணுமுணுப்பில் உண்மை இருக்கிறது. சிப்பாயின் பாதை குறுகல்தான். ஆனால் நம் தமிழ்நாட்டுச் சிப்பாய் ஆனந்தன் குணசேகரனும் 2008இல் காஷ்மீரில் கண்ணிவெடிக்கு இடது காலைக் கொடுத்தவர்தான். சீருடையைக் கழற்றாமலே ஓட்டப்பந்தய வீரராகி, 2019இல் சீனாவின் வூஹானில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். இந்த இருவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மன உறுதியைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு இன்னொன்று கண்ணில் படுகிறது. இருவருடைய குறையும் மறைக்க முடியாத குறை. எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று ராணுவம் அளந்து பார்க்க முடிந்தது, அளந்த பிறகுதான் இடம் கொடுத்தது. ரத்த அழுத்தத்துக்குப் பதக்கம் கிடையாது, செய்தித்தாளில் படமும் வராது. ஆனாலும் அதையும் அளக்கக் கொடுத்தால்தான், இந்த ஆளுக்கு எந்த வேலை ஏற்றது என்று ஒருவர் முடிவு செய்ய முடியும்.

என் வாதத்துக்கு மிகக் கடினமான இடம் அக்னிவீரர்கள்தான். அவர்களைச் சேர்க்க 2022இல் வந்த திட்டத்தில் நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர்தான் நிரந்தரமாகத் தொடர முடியும். 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 முடியும் தறுவாயில் நான்கு ஆண்டு நிறைகிறது. நான்கில் ஒருவராக வரத் துடிக்கிற பையனிடம் போய், முழங்கால் வலியை டாக்டரிடம் சொல் என்றால் அவன் நம்மை ஒரு மாதிரி பார்ப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளம் வயதில் நோயை மறைக்கத் தூண்டுகிற போட்டியை ஏற்பாடு செய்தவர்கள்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் அவன் கணக்கையும் அவன் முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அக்னிவீரருக்கு ஊன ஓய்வூதியம் கிடையாது. சேவையால் வந்த ஊனத்துக்கு அதன் அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் ஒரே தடவை கிடைக்கும். அதற்கும் சேவையால் வந்தது என்று நிரூபணமாக வேண்டும். பயிற்சியில் விழுந்து அடிபட்ட அன்றே பதிவு செய்யாத முழங்காலுக்கு, நான்காம் வருஷத்தில் யார் சாட்சி சொல்வார்கள்? நிரந்தரமாக எடுக்கும் நேரத்திலும் உடற்தகுதியைப் பார்க்கத்தான் போகிறார்கள். முதல் வருஷமே சிகிச்சை எடுத்து ஆறிய மூட்டோடு நிற்பதா, நான்கு வருஷம் மறைத்துத் தேய்ந்த மூட்டோடு நிற்பதா என்பதுதான் அவன் முன்னால் இருக்கும் தேர்வு.

வீட்டார் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. லீவில் வந்த பிள்ளை ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், சின்ன விஷயத்துக்கும் சீறி விழுந்தால், குடி திடீரென்று கூடியிருந்தால், அதையும் உடம்புக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஷேப்பின் ஐந்து தலைப்பில் முதலாவதே மனநிலைதான். சேலத்திலோ ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ அவசரத்துக்கு வைத்தியம் பார்த்தால் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் யூனிட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள், நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். போர்டின்போது சிப்பாயே நிரப்பிக் கையெழுத்துப் போடும் சுய அறிக்கை ஒன்று உண்டு. சேருவதற்கு முன் இந்த நோய் இருந்ததா, எப்போது எங்கே தொடங்கியது என்று அதில் கேட்பார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் தேதியும் இடமும் சரிபார்த்து எழுத வேண்டும். போர்டின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது. சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சந்தேகம் கேட்கலாம். படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தருவதற்காக 2025 ஜூலையில் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற திட்டமும் தொடங்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை பிள்ளை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, எம்.ஐ. ரூமுக்குப் போனாயா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.