ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா?



இங்கிலீஷ் கத்துக்கிட்டதைப் பத்திப் பேசச் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். இன்றைக்கும் நாலு வரி சேர்ந்தாப்போல இங்கிலீஷில் பேச வராது. தெரிந்தது ஒரு இருபது வார்த்தை, எல்லாம் கடன் வார்த்தைகள். அதை ஏன் கத்துக்கிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஓவர்லாக் மெஷின் வாங்க ஒரு தனியார் பைனான்ஸில் 30,000 ரூபாய் எடுத்தேன். 24 மாசத் தவணை. "12 பர்சென்ட் ஃப்ளாட்"னு சொன்னாங்க. ஃப்ளாட் என்றால் எனக்கு அடுக்குமாடி வீடுதான் தெரியும். நூத்துக்கு ஒரு ரூபாய், நம்ம குழு வட்டிதானே என்று கையெழுத்துப் போட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் பேச்சை நம்பி எங்கள் குழுவில் இன்னும் நாலு பேர் அதே கடனை எடுத்தார்கள்.

மாசம் 1,550 ரூபாய். ஒரு வருஷம் கட்டின பிறகு ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பாதி அசல் அடைஞ்சிடுச்சு, வட்டி மட்டும் ஏன் குறையவே இல்ல?" எனக்குப் பதில் தெரியலை.

அன்று ராத்திரி பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். குழுவில் 30,000 எடுத்தால் மாசம் 1,250 அசல். முதல் மாச வட்டி 300. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, கடைசி மாசம் பன்னிரண்டரை ரூபாய். மொத்த வட்டி 3,750. ஃப்ளாட்டில் கடைசி மாசமும் அதே 300, மொத்தம் 7,200. ஆளுக்கு 3,450 கூடுதல், அஞ்சு பேருக்கு 17,250. அந்த நாலு பேரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கலை.

மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடுவதை வருஷக்கணக்கா நம்ம லெட்ஜரில் நாமே எழுதுகிறோம். அதுக்கு 'டிமினிஷிங் பேலன்ஸ்' என்று ஒரு பேர் இருப்பதுதான் தெரியாமல் போச்சு.

அதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். தமிழ் எழுத்தில்தான் எழுதுவேன். 'பிரின்சிபல்' ஸ்கூலில் இருப்பவர் இல்லை, அசல். 'அவுட்ஸ்டாண்டிங்' இன்னும் கட்ட வேண்டிய பாக்கி. 'ஓவர்டியூ' தேதி தாண்டின தவணை. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு ஒரு தடவை பேங்கில் சண்டைக்கே போயிட்டேன், அது தனிக்கதை.

அடுத்த கடனுக்கு பேங்குக்குப் போனபோது, வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துட்டுக் கேட்டேன்: "சார், ஃப்ளாட் ரேட்டா, டிமினிஷிங்கா? ப்ராசஸிங் ஃபீ எவ்வளவு?" அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, தவணைத் தவணையாக் காட்டினார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மைக்ரோ பைனான்ஸ் கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்கணும். முன்கூட்டியே அடைத்தால், அதாவது 'ப்ரீபேமென்ட்' செய்தால், அபராதம் கிடையாது. தாமத அபராதமும் தவறின தொகைக்குத்தான், முழுக் கடனுக்கும் இல்லை. அட்டை இங்கிலீஷில் வந்தால் "தமிழ்ல குடுங்க"ன்னு கேளுங்கள்.

இப்போது எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ரெண்டு வார்த்தை படிக்கிறோம். அன்றைக்கு என்னைக் கேள்வி கேட்டாளே, அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.