கைக்கு எட்டாத பல்பு

(சென்ற மாதம் நம் கிளப் ஹவுஸில் நடந்த உறுப்பினர் கூட்டத்தின் முடிவில் பேசியது. அன்று கேட்கப்பட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு, மெயிண்டனன்ஸ் பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வெளியே டிபன் தயாராக இருப்பது எனக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். காரை ஓட்டத்தான் தெரியும். அதிலும் என் மனைவிக்குச் சில ஆட்சேபணைகள் உண்டு.

போன தை மாதம் உத்திரமேரூர் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு வேன். பஸ்ஸை முந்துவதற்காக வேன் வெளியே வந்தது. வரக்கூடாத தூரத்தில் வந்தது. நான் இடதுபக்க மண்ணில் வண்டியை இறக்கினேன். இரண்டு வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். வேன்காரர் கொஞ்ச தூரம் போய் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நானும் சண்டைக்குத் தயாராகத்தான் இறங்கினேன். அவர் சொன்னார்: “சார், உங்க வலது லைட்டு எரியல. ஓரமா ஒரு பைக் வருதுன்னு நெனச்சுத்தான் ஏறினேன்.”

முன்னால் போய்ப் பார்த்தேன். உண்மைதான். சண்டை போட எனக்கு வாய் இல்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் இடதுபக்கம் போகிறோம். இடது லைட் போய் வலது எரிந்தால், எதிரே வருபவர் சாலையின் நடுப்பக்கம் ஏதோ வருகிறது என்று ஒதுங்குவார். வலது லைட் போனால், எரிகிற ஒன்று மண் ஓரத்தில் இருக்கிறது. இருட்டில் அது பைக். மிச்சச் சாலை காலி என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் காலி இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எத்தனை நாளாக எரியவில்லை என்பது எனக்குத் தெரியாது. ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டும்போது தெரிவதே இல்லை. நம் பேஸ்மெண்ட்டில் சுவரைப் பார்த்து நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. லைட்டைப் போட்டால் சுவரில் இரண்டு வெளிச்சம் விழ வேண்டும். நான் ஆறு வருடமாக அந்தச் சுவர் முன்னால் நிறுத்துகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். பல்பு இருநூறு ரூபாய்க்குள். கூலி அதைப்போல் பல மடங்கு. பணத்தைக்கூட விடுங்கள். மூன்று நாள் கழித்துத்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். அந்த மூன்று நாளும் ராத்திரியில் ஓட்டாமல் இருக்க முடிந்தது, ஏனென்றால் நான் ரிடையர்டு ஆள். உங்களில் எத்தனை பேரால் முடியும்? “நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒற்றைக் கண்ணோடு ஓட்டுவதற்குக் காரணம் பல்பின் விலை இல்லை, அது கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதுதான்.

என் வண்டி பழைய ஹாட்ச்பேக். அதில் இருப்பது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழை, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. பின்னால் மூன்று பின். நம் பார்க்கிங்கில் நிற்கும் பழைய சின்ன வண்டிகள் நிறையவற்றில் இதுதான். உங்களுடையதில் எச்7, எச்11, எச்பி3 என்று வேறு ஏதாவது இருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும். கடைக்காரரிடம் கார் பெயரைச் சொல்லாதீர்கள், பல்பின் எண்ணைச் சொல்லுங்கள்.

பானெட்டைத் திறந்தால் இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் பேட்டரி. வலதுபக்கம் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாயும் வாஷர் தண்ணீர் ஊற்றும் கழுத்தும். நடுவில் ஒரு இடுக்கு. அதில் கையை விட்டால் கண் தெரியாது, கண்ணை வைத்தால் கை போகாது. பம்பர் எதற்கு என்று அப்போது புரிந்தது. ஆனால் அந்தக் காற்றுக்குழாயைப் பிடித்திருந்தவை இரண்டே கிளிப். கழற்றி ஓரமாக வைத்ததும் மணிக்கட்டு வரை கை போய்விட்டது.

இங்கே ஒரு சொந்தக் கதை. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நோட்டை எண்ணுவது கண் இல்லை, விரல். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே எண்ணுவோம். ஒரு நோட்டு தாளில் வித்தியாசமாக இருந்தால் விரல் நின்றுவிடும். அந்த விரல் ஒரே நாளில் வரவில்லை. பல்புக்கும் அப்படித்தான். எந்தப் பக்கம் சுலபமாக எட்டுகிறதோ, அந்தப் பக்கத்தை முதலில் பட்டப்பகலில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழற்றி மாட்டுங்கள், அதில் பல்பு நன்றாக எரிந்தாலும். இரண்டு மூன்று தடவை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. பிறகு கஷ்டமான பக்கம் போனால் விரலுக்கு வேலை தெரிந்திருக்கும். வலதும் இடதும் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். நான் பேட்டரி பக்கத்தில் பழகினேன். அங்கே கை போகாவிட்டாலும் கண் போயிற்று.

கை விடுவதற்கு முன் போனை உள்ளே நீட்டி, டார்ச்சோடு வீடியோ எடுத்துப் பாருங்கள். கைக்கண்ணாடி ஒன்றும் உதவும். கீழே ஒரு பழைய துணியை அடைத்துவிடுங்கள். நழுவுகிற எதுவும் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போய் ஒளிந்துகொள்ளும், பிறகு அதைத் தேடுவதே தனி வேலை. மோதிரம், வாட்ச் கழற்றிவிட வேண்டும், முக்கியமாகப் பேட்டரி பக்கம். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே உலோகம் பட்டால் விரலைச் சுட்டுவிடும். பேட்டரியையே எடுக்க வேண்டிய வண்டி என்றால் மைனஸ் முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். உள்ளே தகட்டு விளிம்புகள் கூர்மையாக இருக்கும். நான் பழைய சாக்ஸின் விரல் பகுதியை வெட்டிவிட்டு முழங்கை வரை மாட்டிக்கொள்வேன். சர்க்கரை இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம்.

இனி வேலை. எஞ்சின் அணைத்து, சாவி வெளியே. ஓட்டி வந்த உடனே வேண்டாம், அரைமணி நேரமாவது ஆறட்டும். மூன்று பின் கனெக்டரை இருபுறமும் பிடித்து லேசாக ஆட்டி நேராக இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கனெக்டர் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனிடம் போங்கள், புதுப் பல்பு போட்டாலும் நிலைக்காது. அடுத்து ரப்பர் மூடி. அதன் நாக்கைப் பிடித்து இழுத்தால் வரும். அதன் உள்ளே ஒரு கம்பி கிளிப் பல்பை அழுத்திக்கொண்டிருக்கும். நிறையப் பேர் தோற்பது இங்கேதான். அதை இழுக்கக் கூடாது. உள்நோக்கி அழுத்தி, கொக்கியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். விடுபட்டதும் ஒரு பக்கம் கதவு மாதிரித் திறந்து தொங்கும். அந்தச் சின்ன அசைவைத்தான் விரலுக்குப் பழக்கச் சொன்னேன்.

புதுப் பல்பைக் கையில் எடுக்கும்போது கண்ணாடியைத் தொடாதீர்கள். தகட்டு அடிப்பகுதியை மட்டும் பிடியுங்கள். எரியும்போது அந்தக் கண்ணாடி பயங்கரமாகச் சூடாகும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகக் காய்ந்து, பல்பு சீக்கிரம் போய்விடும், வெடிக்கவும் கூடும். ஸ்பாஞ்ச் டப்பாவில் விரலை நனைத்து எண்ணிய பழக்கம் உள்ள என்னைப் போன்றவர்கள் ஜாக்கிரதை. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள்.

பல்பின் தகட்டு வட்டத்தில் மூன்று காதுகள் உண்டு. மூன்றும் சம இடைவெளியில் இல்லை. ஒரே ஒரு நிலையில்தான் சரியாக உட்காரும். என்னுடைய முதல் முயற்சியில் ஒரு காது பள்ளத்தில் இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, கிளிப்பும் எப்படியோ மாட்டிக்கொண்டது. லைட் எரிந்தது. வெற்றி என்று மேலே போய்க் காப்பி சாப்பிட்டேன். இரண்டு நாள் கழித்து நம் வாட்ஸ்அப் குழுவில், “ராத்திரி ரேம்ப்பில் பிரைட் போட்டுக்கொண்டு கண்ணைக் கூசவைக்கும் அந்தப் பெரிய மனிதர் யார்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பத்துப் பேர் கட்டைவிரல் வைத்திருந்தார்கள். அதில் நானும் ஒருவன். அந்தப் பெரிய மனிதரும் நானே. இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் இதுதான். டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகட்டுக் கிண்ணம் இருக்கிறது. மேல்நோக்கிப் போகக்கூடிய வெளிச்சத்தை அது மறைக்கிறது. பல்பு கோணலாக உட்கார்ந்தால் அந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடும். எதிரே வருபவரின் கண் கூசாதபடி வெளிச்சம் தாழ்ந்து விழ வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. கண்புரை தொடங்கிய வயதில் எதிர் வெளிச்சம் என்ன செய்யும் என்று இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மாட்டியதும் பேஸ்மெண்ட் சுவரில் பாருங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு கோடு மாதிரித் தெரிய வேண்டும். வலதுபாதி மட்டமாக, இடதுபக்கம் சற்றே மேலே ஏறி. இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில். ஒன்று மட்டும் கூரையைப் பார்த்தால் பல்பைத் திரும்ப எடுத்து உட்கார வையுங்கள். இதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் காற்றுக்குழாயை மாட்ட வேண்டும். ரப்பர் மூடி சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

ஒரு பக்கம் போனால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் ஒரே வயதுதானே. நல்லதாக இருக்கும் பழையதை டிக்கியில் போட்டு வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எரியவில்லை என்றால் பல்பைச் சந்தேகப்படும் முன் பியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பி பிளாக் இளைஞர் ஒருவர் 100/90 வாட் பல்பு போடலாமா என்று கேட்டார். எனக்கு பிசிக்ஸ் பத்தாம் வகுப்போடு சரி, ஆனால் வகுத்தல் தெரியும். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். 100-ஐ வகுத்தால் எட்டுக்கு மேல். ஒயரும் கனெக்டரும் ஐந்துக்கு என்று செய்தவை. அதிகமானது சூடாகத்தான் போகும். எல்.இ.டி. மாட்டலாமா என்பதும் அதே கேள்விதான். ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்த கிண்ணத்தில் வேறு வகை விளக்கைச் செருகினால் வெளிச்சம் சிதறும். உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், எதிரே வருபவருக்கு ஒன்றுமே தெரியாது.

சிலவற்றை நானும் தொடமாட்டேன். செனான் விளக்கில் பற்றவைக்கவே 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். கம்பெனியே எல்.இ.டி. வைத்துக் கொடுத்த ஹெட்லைட்டில் மாற்றுவதற்குப் பெரும்பாலும் பல்பே கிடையாது. சில வண்டிகளில் ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் முழுதாக ஒடித்து, சக்கரத்துக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் மறைப்பைத் திறந்து கை விட வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம், ஆனால் ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் போகாதீர்கள். உண்மையாகவே பம்பர் கழற்ற வேண்டிய வண்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் கூலி கொடுத்துவிடுவோம்.

பழைய பல்பை அப்படியே குப்பைக் கூடையில் போடாதீர்கள். தாளில் சுற்றி, டப்பாவில் போட்டுத் தனியாகக் கொடுங்கள். நம் குப்பையைப் பிரிக்கிற அம்மாக்கள் வெறும் கையால்தான் பிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழிலிருந்து எட்டரை வரை விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். உங்கள் பல்பை நான் மாற்றித் தரமாட்டேன். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். பல்பை நீங்கள் வாங்கி வாருங்கள், பழைய சாக்ஸ் என்னிடம் நிறைய இருக்கிறது.