தவறின் எடையை எந்தத் தராசில் நிறுப்பது?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு அமர்வது எளிது. நாம் இன்று நினைவுகூரும் தோழர் அதை விரும்பியிருக்க மாட்டார். காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது அவர் அடிக்கடி கேட்ட ஒரு கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொள்கிறோம். "ஒரே தப்பை ரெண்டு பேர் செஞ்சா, ரெண்டும் ஒரே தப்பா?"

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருநாவலூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இது சுந்தரர் பிறந்த ஊர். பெரியபுராணம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். திருவாரூரில் பரவையாரை மணந்தவர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு அதை மீறி ஊரைவிட்டுக் கிளம்பினார். கண் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் திரும்பக் கிடைத்தது, திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்தது. தவறு நடந்தது, தண்டனை வந்தது, மன்னிப்பும் வந்தது.

அதே புராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவார் இருக்கிறார். நாம் நந்தனார் என்று அழைக்கிறவர். அவர் பெயரைத் தம் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் பாடியவரே சுந்தரர்தான். நந்தனார் யாருக்கும் கொடுத்த வாக்கை மீறியவரல்லர். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர். தில்லைக்குள் போக ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அவரைத் தீயில் மூழ்கி வரச் சொல்கிறது கதை. வெளியே வரும்போது மார்பில் பூணூல் இருக்கிறது. சத்தியத்தை மீறியவருக்குக் கண் திரும்பி வந்தது. தவறே செய்யாதவருக்குப் பழைய உடம்பே மிஞ்சவில்லை. இங்கே சுந்தரரைப் பழிப்பது எங்கள் நோக்கமில்லை. அந்தத் தராசில் ஒரு தட்டில் செயல் இருந்தது, இன்னொரு தட்டில் பிறப்பு இருந்தது என்பதைக் காட்டுகிறோம்.

தவறின் எடை சூழ்நிலையைப் பொறுத்து மாறுமா? மாறும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். மனுதர்மம்கூட அப்படித்தான் சொல்கிறது. அதன் எட்டாம் அத்தியாயத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. திருட்டுக்குச் சூத்திரனின் குற்றம் எட்டு மடங்கு, வைசியனுக்குப் பதினாறு, சத்திரியனுக்கு முப்பத்திரண்டு, பிராமணனுக்கு அறுபத்து நான்கு மடங்கு, அதற்கு மேலும் உண்டு என்கிறது. தெரிந்து செய்கிறவனின் குற்றம் பெரிது என்பது அதன் நியாயம். கேட்பதற்கு நல்ல நியாயம்தான். ஆனால் அதே அத்தியாயத்தில் வசைச்சொல்லுக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. பிராமணன் சூத்திரனை இழிவாகப் பேசினால் 12 பணம் அபராதம். சூத்திரன் இருபிறப்பாளனை அப்படிப் பேசினால் நாக்கை அறுக்க வேண்டும். இந்த நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு என்ன கணக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சரியான அளவுகோல் தெரிந்திருந்தும், மானமும் உடம்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் அதைக் கைவிட்ட நூல் அது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் முன்னிலையில் அது எரிக்கப்பட்டதற்குக் காரணம் வேறு வேண்டுமா?

அது பழங்கதை என்பார்கள். பக்கத்து மாவட்டத்துக்கு வாருங்கள். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் நம் பிள்ளை, பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் ஊரார் முன்னிலையில் விஷம் ஊற்றப்பட்டது, உடல்கள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு காவல் நிலையத்தில் நடந்ததை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரண்டு தரப்பும் தத்தம் பிள்ளையைக் கொன்றுவிட்டதுபோல வழக்கு ஜோடிக்கப்பட்டது. மகனைப் பறிகொடுத்த குடும்பமும் குற்றவாளிப் பட்டியலில் ஏற்றப்பட்டது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 ஆகிவிட்டது. கொன்றவர்களோடு, வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகளும் குற்றவாளிகளே என்றது தீர்ப்பு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை அது நின்றது.

இந்த "ரெண்டு பக்கமும் தப்புதான்" என்ற வார்த்தையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நம் பையனை அடித்ததற்கு நாம் புகார் கொடுத்தால், அவர்களிடமும் ஒரு புகார் எழுதி வாங்கிக் கவுன்ட்டர் கேஸ் போடுவார்கள். பிறகு சமாதானப் பேச்சு. தவறுகள் எல்லாம் சமம் என்று சொல்வது பார்வைக்கு நடுநிலை போலத் தெரியும். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்த அந்தக் கணமே அடித்தவனின் பாரம் பாதியாகிவிடுகிறது.

கல்லூரியில் உங்களிடம் கேட்பார்கள்: எல்லோருக்கும் ஒரே சட்டம் இருக்க, உங்களுக்கு மட்டும் எதற்கு வன்கொடுமை தடுப்புச் சட்டம்? பதிலைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்படுபவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்று தெரிந்தே பிறர் செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். ஏன்? அடிக்கிறவனுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது. அடிபடுகிறவனுக்கு அந்த ஊரில்தான் வேலை, அந்த ஊர் வழியாகத்தான் பாதை. ஒருவன் மீது விழும் அடி தெரு முழுவதையும் வாய் மூட வைக்கிறது. ஆகவே அந்தக் குற்றத்தின் எடை கூடுதல். மனு பிறப்பைப் பார்த்துத் தண்டித்தான். இந்தச் சட்டம் பிறப்பைச் சொல்லி மனிதனை மிதிக்கும் செயலைத் தண்டிக்கிறது. அதிலும் குறை உண்டு. கடமையை வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கு அது விதிப்பது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான்.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள், கூலி வேலைக்குப் போனவர்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண் நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களிலும் பார்வை போனவர்கள் உண்டு. காஞ்சியும் திருவாரூரும் அவர்களுக்குக் கண் தரவில்லை. அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்ததும், "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு?" என்று நாடெங்கும் பேச்சு. அத்தனை பாவமும் குடித்தவன் தலையில். அல்லது கல்வராயன் மலை மீது பழி. மெத்தனால் மலையில் வெல்லம் போட்டுக் காய்ச்சுவதில்லை, அது தொழிற்சாலை ரசாயனம். அதை வாங்கியவர், ஏற்றி வந்தவர், கலந்தவர், தெரிந்தும் பாராமல் இருந்தவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. மூட்டை தூக்கிய வலிக்குக் குடித்தவரின் தவறு அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

ஆனால் தோழர்களே, இந்தத் தராசை நம் வீட்டு வாசலிலும் தொங்கவிட வேண்டும். குடிக்கச் சூழ்நிலை இருந்தது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கவும் சூழ்நிலை இருந்தது என்று சொல்லலாமா? பண்ணையார் முன்னால் அவனுக்கு வேறு வழியில்லை. வீட்டுக்குள் வழியில்லாதவள் அவள். அங்கே பண்ணையார் அவன்தான். அருந்ததியர் வீட்டிலும் இருளர் குடிசையிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கும் நம்மவர் இன்னும் இருக்கிறார்கள். மிதிபட்டவனுக்கு மிதியின் வலி தெரியும். தெரிந்து மிதிப்பவனின் தவறு பெரிது என்றால், நம் தவறு சிறியதா? படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னது நம் தெருவையும் சேர்த்துத்தான்.

ஆகவே எந்தத் தவறை நிறுக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். செய்தவருக்கு அதைச் செய்யாமல் இருக்க எவ்வளவு வழி இருந்தது? பாதிக்கப்பட்டவருக்குத் தப்பிக்க எவ்வளவு வழி இருந்தது? யாருடைய மௌனம் அதற்கு உதவியது? நாளைக்கே ஒரு கவுன்ட்டர் கேஸ் வரும், ஒரு சமாதானப் பேச்சு வரும். அங்கே இந்தக் கேள்விகளோடு போங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலாக நம் பெயர் வந்தால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தோழரின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: ஒரே தப்பு ரெண்டு பேர் கையில் ஒரே தப்பு ஆகாது.