பாயில் ஒரு கோரை உருவினால்...

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



1971 டிசம்பரில் அன்றைய பம்பாயில் இருந்த நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டு, மாட்டுங்காவிலும் தாராவியிலும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 16ஆம் தேதி டாக்கா வீழ்ந்தது. மறுநாள் டீக்கடைகளில் ஒரே பேச்சு: "கிழக்கு போயிற்று. அடுத்து பலுசிஸ்தானம், பிறகு சிந்து, அப்புறம் பட்டாணியர் நாடு. பாயில் ஒரு கோரையை உருவினால் முழுப் பாயும் பிரிந்துவிடும்."

நாமும் அப்படித்தான் நம்பினோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பாய் கிழிசலாகத்தான் கிடக்கிறது, ஆனால் பிரியவில்லை. நம் கணக்கு எங்கே தப்பியது?

வங்காளிகள் வென்றதற்குக் காரணம் கொடுமை மட்டும் என்று நினைத்துக்கொண்டோம். கொடுமை எல்லா மாகாணங்களிலும் இருந்தது. வங்காளிகளுக்கு வேறு சிலவும் வாய்த்திருந்தன. பாகிஸ்தான் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அவர்கள். 1970 தேர்தலில் கிழக்கின் 162 தொகுதிகளில் 160ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. மொத்தமே 300 தொகுதிகள். அதாவது நாட்டையே ஆளும் உரிமையை வாக்குச் சீட்டால் பெற்றுவிட்டு, அது மறுக்கப்பட்ட பிறகுதான் பிரிந்தார்கள். ஒரே மொழி, ஒரே நிலப்பரப்பு. மேற்குக்கும் அவர்களுக்கும் நடுவே ஆயிரம் மைல் இந்திய மண். ஒரு கோடி அகதிகளைச் சுமந்த அண்டை நாடு ஒன்று, கடைசியில் படையோடு வந்தது. இத்தனையும் ஒன்றுசேர அமைந்த மாகாணம் மேற்கில் எது?

அதைவிடப் பெரிய விஷயத்தை நாம் அன்று பார்க்கவேயில்லை. வங்காளிகள் போனதால் மற்றச் சிறுபான்மைத் தேசிய இனங்களுக்குக் கதவு திறக்கும் என்று எண்ணினோம். நடந்தது நேர்மாறு. அவர்களுடைய பெரிய அண்ணன் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

1957இல் டாக்காவில் தேசிய அவாமி கட்சி தோன்றியபோது மேடையில் யார் யார்? வங்காளத்தின் மௌலானா பாஷானி, எல்லை காந்தி கான் அப்துல் கபார்கான், சிந்துவின் ஜி.எம்.சையத், பலூச்சித் தலைவர் பிசெஞ்சோ. மேற்கு மாகாணங்களை எல்லாம் உருட்டி 1955இல் ஒரே மாகாணமாக்கினார்களே, அதை உடைக்க வேண்டும் என்பது இவர்களின் பொதுக் கோரிக்கை. அந்தச் சிறிய மாகாணங்களின் குரலுக்கு வங்காளத்தின் எண்ணிக்கை பலம் சேர்த்தது. 1971க்குப் பின் எஞ்சிய நாட்டில் பாதிக்கு மேல் பஞ்சாபியர். இராணுவமும் பெரும்பாலும் அவர்களுடையது. பிரிவினையால் வங்காளிக்கு விடுதலை, பலூச்சிக்குத் துணையிழப்பு.

அதன் விலையைப் பலூச்சிகள்தான் முதலில் கொடுத்தார்கள். 1972இல் அதாவுல்லா மெங்கல் தலைமையில் மாகாண ஆட்சி அமைந்தது. 1973 பிப்ரவரியில் பூட்டோ அதைக் கலைத்தார். மலைகளில் நாலு வருடம் சண்டை நடந்தது. தன் நாட்டுப் பலூச்சிகளும் கிளம்பிவிடுவார்களோ என்று பயந்த ஈரான் மன்னர், இஸ்லாமாபாதுக்கு ஹெலிகாப்டர் கொடுத்தார். வங்காளிக்கு அண்டை நாடு துணை வந்தது; பலூச்சிக்கு அண்டை நாடே எதிரி! நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள் மாகாணம். ஆனால் ஆள் பலம் நூற்றுக்குச் சொற்பம். சூயி எரிவாயு 1952இல் அவர்கள் மண்ணில் கண்டெடுக்கப்பட்டது; கராச்சி அடுப்புகளில் அது எரிந்து பல ஆண்டுகளாகியும், 1980களில்தான் குவெட்டாவுக்கு வந்தது. கோபம் ஆறவில்லை. 2006இல் அக்பர் பூக்தி கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் ஒரு ரயிலையே மறித்துப் பயணிகளைப் பிணை பிடித்தார்கள். ஆறாத புண் அது. ஆனால் புண் வேறு, பிரிவு வேறு.

சிந்துவின் கதை இன்னும் விசித்திரம். 1943இல் சிந்து சட்டமன்றத்தில் பாகிஸ்தானுக்கு ஆதரவான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி.எம்.சையத். அவரே பின்னாளில் சிந்து தேசம் கேட்டு, 1995இல் காவலில் இருந்தபடியே மறைந்தார். ஆனால் சிந்துவின் தலைநகர் கராச்சியில் சிந்தி பேசுவோர் சிறுபான்மை. 1947இல் இந்தியாவிலிருந்து போன உருது பேசும் மக்களும், பிழைப்புத் தேடி வந்த பட்டாணியரும் அங்கே லட்சக்கணக்கில். சிந்துவைத் தனியே அறுத்தெடுக்க எங்கே கோடு போடுவது? பட்டாணியர் விஷயமும் அதேதான். இராணுவத்திலும் உத்தியோகத்திலும் லாரித் தொழிலிலும் அவர்கள் நாடெங்கும் பரவிவிட்டார்கள். 2010இல் அரசியல் சட்டத் திருத்தம் எல்லை மாகாணத்துக்கு அவர்கள் பெயரையே சூட்டியது. மாகாணங்களுக்குக் கொஞ்சம் அதிகாரமும் வந்தது. அரை வயிற்றுக் கஞ்சிதான், ஆனாலும் கஞ்சி.

யூகோஸ்லாவியா பிரியவில்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். பிரிந்தது. 1991இல் ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் போனதும், எஞ்சிய கூட்டாட்சியில் செர்பியர் கை ஓங்கியது. பாஸ்னியா இருக்க மறுத்தது. துணையிழப்பு அங்கும் இருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு குடியரசுக்கும் சொந்தச் சட்டமன்றமும் எல்லையும், தற்காப்புப் படையும்கூட ஏற்கெனவே இருந்தன. பலூச்சிக்கு அவற்றில் என்ன இருந்தது? ஒன்பது மாத ஆயுள் கொண்ட ஒரு மந்திரிசபை.

பிரிந்து போனவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1972இல் வங்கதேச அரசியல் சட்டம் எல்லாக் குடிமக்களையும் வங்காளி என்றது. நான் சக்மா, வங்காளி அல்ல என்று மன்றத்திலேயே எழுந்து சொன்னார் மானவேந்திர லார்மா. சிட்டகாங் மலைகளில் ஆயுதப் போராட்டம் மூண்டு, 1997 டிசம்பரில்தான் உடன்பாடு வந்தது. நேற்று வரை பெரும்பான்மையின் ஆணவத்தைக் கண்டித்தவர்கள், தாங்கள் பெரும்பான்மையானதும் பேசிய பேச்சு அது!

தோழர்களே, பிறர் மொழி வழங்கும் ஊரில் பிழைக்க வந்த நாம் இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்க வேண்டும். 1947இல் பீகாரிலிருந்து கிழக்கே போன உருது பேசும் மக்கள். அவர்களில் பலர் ரயில்வேத் தொழிலாளர்கள். 1971இல் அவர்களில் ஒரு பகுதியினர் பாகிஸ்தான் இராணுவத்துக்குத் துணை போனார்கள், படுகொலைகளிலும் பங்கெடுத்தார்கள். துணை போகாதவனும் அதே பெயரால் அடிபட்டான், வீட்டை இழந்தான். பாகிஸ்தான் சிலரை ஏற்றுக்கொண்டு மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியது. டாக்கா உயர் நீதிமன்றம் 2008இல்தான் அவர்களைக் குடிமக்கள் என்று அறிவித்தது. டாக்காவின் முகமதுபூரில் ஜெனிவா முகாம் என்று ஓர் இடம் இருக்கிறது. எட்டடி, பத்தடி அறையில் ஒரு குடும்பம். 1971இல் பிறந்திராதவர்கள் அங்கே பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து யார் பிரிவார்கள் என்று டீக்கடையில் நாம் விரல் விட்டு எண்ணியபோது, இவர்களை யாரும் எண்ணவில்லை.