ராஜா கையெழுத்தும் கடவுள் கட்டளையும்
(வேப்பூரில் பேசியதன் சாரம்)



இவ்வூர் ஆட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நீங்கள் ஓர் ஆட்டையும் வாங்குவதில்லை. மதத்தை மாத்திரம் ஏன் பாராமல் வாங்கிக் கொள்ளுகிறீர்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் 8-வது ஹென்றி என்றொரு ராஜா இருந்தான். லூதரைக் கண்டித்துப் புஸ்தகம் எழுதியதற்காக 1521-ல் போப்பு அவனுக்கு 'மதக் காவலன்' என்று பட்டங் கொடுத்தார். பிறகு ஆண் வாரிசில்லையென்று ராணி காதரைனைத் தள்ளிவிட்டு ஆன் போலினைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டான். கிடைக்கவில்லை. தடுத்தது சாஸ்திரம் மாத்திரமா? காதரைனின் சகோதரி மகனான 5-வது சார்லஸ் சக்கரவர்த்தியின் பட்டாளம் 1527-ல் ரோமாபுரியைக் கொள்ளையிட்டுப் போப்பையே பிடித்து வைத்திருந்ததே! கடைசியில் 1534-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம்; இங்கிலாந்துச் சபைக்கு ராஜாவே தலைவன் என்றாயிற்று. 1540-க்குள் சுமார் 800 மடங்கள் மூடப்பட்டு, நிலமும் வெள்ளியும் ராஜா வசமாயின. ஏழைக்கா கொடுத்தான்? பெரும்பகுதியைப் பணக்காரருக்கு விற்று யுத்தத்தில் தொலைத்தான். அவ்வருஷம் ஜூலை 30-ந் தேதி லண்டனில் ஒரே இடத்தில், போப்பை விடாத 3 பேரைத் தூக்கிலிட்டும், புதுமதம் பேசிய 3 பேரை எரித்தும் கொன்றார்கள். அன்று கடவுள் எந்தப் பக்கம் நின்றாரோ! போப்பு கொடுத்த பட்டம் மாத்திரம் இன்றைக்கும் இங்கிலாந்து நாணயத்தில் இருக்கிறது.

அது வெள்ளைக்காரன் சங்கதி என்பீர்கள். சரி, திருவிதாங்கூருக்கு வாருங்கள். 1750-ல் மார்த்தாண்டவர்மா ராஜ்யத்தைப் பத்மநாபசாமிக்கு எழுதி வைத்துவிட்டு, தான் அவருடைய தாசன் என்று ஆண்டான். அதாவது ராஜாவை எதிர்த்தால் சாமியை எதிர்த்ததாகும்! 1924-ல் வைக்கத்தில் தாழ்த்தப்பட்டோர் கேட்டது கோவிலையல்ல, கோவிலைச் சுற்றிய தெருவை. அதற்கே ஈ.வெ.ரா. இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனார். "அநாதி வழக்கம், மாற்ற முடியாது" என்றார்கள் வைதீகர்கள்.

1936 நவம்பர் 12-ந் தேதி மகாராஜா ஒரு கையெழுத்துப் போட்டார்; அரசாங்கக் கோவில்களே திறந்து கொண்டன! நடுவில் புது வேதம் ஏதாவது இறங்கிற்றா? இல்லை. 1935-ல் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். திருவிதாங்கூர் ஈழவரிலும் பலர் வேறு மதத்திற்குப் போவதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசலானார்கள். தலையெண்ணிக்கை குறையும் என்றதும் அநாதி வழக்கம் வளைந்து கொடுத்தது.

கோவில் திறந்தது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. அதுவரை அடைத்து வைத்தது எந்தக் கடவுளின் கட்டளை, திறக்கச் சொன்னது எந்தக் கடவுளின் கட்டளை? நாளைக் காலையில் உங்களூர்க் குருக்களையே கேட்டுப் பாருங்கள்.